கடற்கரை மணலும் பாலை வேரும்

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கில், மீனவர் ஆண்கடல் என்று அழைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் பெண்கடல் என்று அழைக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே குறுகி நீண்டு கிடக்கிற தனுஷ்கோடியை, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் எழுந்த புயல் ஊரையும் இரயிலையும் வாரிக்கொண்டு போன இடமென்றே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாவர சாஸ்திரத்தில் நாட்டமுள்ள ஒருவர் முகுந்தராயர் சத்திரத்தைக் கடந்து அரிச்சல்முனைப் பக்கம் செல்வாராயின், அவர் மனத்தில் இன்னொரு விசாரமும் எழும். ஒரு மரம் பூமியில் வேரூன்றி ஜீவிப்பதற்கு எவையெவை இடையூறுகளோ, அவற்றில் அநேகத்தை இயற்கை இங்கே ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்திருக்கிறது. அந்த முனையிலேயே பழத்தோட்டம் போட வேண்டுமென்பது என் கருத்தன்று. ஆனால் அங்கே உச்சத்தில் நிற்கும் அதே குணங்கள் சற்றுத் தணிந்த அளவில் தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி என்று கரையோரமாகத் தொடர்ந்து வடக்கே கோடியக்கரை வரையிலும் காணப்படுகின்றன. அந்த நிலங்களில் குடியானவர்கள் வாழ்கிறார்கள், மா, சப்போட்டா, கொய்யா வைக்க வேண்டுமென்ற ஆசையும் அவர்களுக்கு உண்டு. அவர்கள் நாற்றங்காலுக்குப் போய் எந்தப் பழம், எந்த ரகம் என்று கேட்பதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கன்றின் வேர் எந்த ஜாதி?

இந்த மணலின் ஸ்வபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது. மணற்பரலோ அதனினும் பல மடங்கு பெரியது, இரண்டு மில்லிமீட்டர் வரையிலும் இருக்கும். துகள் பெரிதானால் இடைவெளியும் பெரிது. ஆகவே மழைநீர் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது, இட்ட உரமும் அதனோடு கரைந்து போய்விடுகிறது. இராமநாதபுரக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்து, மாசி முதல் ஆடி வரையில் மணல் வறண்டு கொதிக்கும். இப்படிச் சொல்வதால் மணல் முழுவதும் பொல்லாதது என்று கொள்ளக்கூடாது. நீர் தேங்காமையும் காற்றோட்டமும் இளவேருக்குப் பெரும் அனுகூலங்கள். தங்கச்சிமடத்து மணற்கொல்லைகளில் மல்லிகைக் குச்சிகளை வேர்பிடிக்க வைத்து, அந்தக் கன்றுகளைக் கட்டுக்கட்டாகப் பல ஜில்லாக்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பும் தொழில் தழைத்திருப்பதற்கு இந்தக் குணமே காரணம்.

தனுஷ்கோடியில் இருபுறமும் சமுத்திரம் இருக்க, மணலைச் சிறிது ஆழம் கையால் தோண்டினால் குடிக்கத்தக்க நல்ல தண்ணீர் ஊறுகிறது. யாத்திரிகர்கள் இதைத் தெய்வ கடாட்சமென்று வியப்பார்கள், வியக்கத்தக்க விஷயந்தான். மழைநீர் உப்புநீரைவிட இலேசானதாகையால், மணலுக்குள் இறங்கியதும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதை ஆராய்ந்து, கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கின் மறுபாதிதான் தோட்டக்காரன் கவனிக்கவேண்டியது: மேலே ஓரடி நீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்புநீர் நாற்பதடி மேலேறுகிறது. ஆகவே இந்தக் கரையில் பழமரத்துக்கு ஏராளமாகப் பாய்ச்சி மணலின் வறட்சியை வென்றுவிடலாம் என்று எண்ணுபவன், தன் கிணற்றையே உப்புக் கிணறாக்கிக்கொள்வான். தண்ணீரைக் கூட்ட முடியாத இடத்தில், கிடைத்த தண்ணீரைத் தேடிப்போகும் வேரை நாடுவது தவிர வழியில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. சிப்பி, சங்கு, பவளப்பாறை ஆகியவற்றின் தூள் இந்த மணலில் கலந்திருப்பதால் சுண்ணாம்பு மிகுதி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாத நிலையில் இறுகிக் கிடக்கும். அப்போது மரத்தின் கொழுந்திலைகள் மஞ்சளாய் வெளிறி, நரம்பு மாத்திரம் பச்சையாய் நிற்பதைக் காணலாம். சில ஜாதி வேர்கள் தம்மைச் சுற்றிப் புளிப்புத்தன்மையுள்ள பொருள்களைச் சுரந்து அந்த இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்; சிலவற்றுக்கு அந்தத் திறமை இல்லை. உப்பின் விஷயமும் இப்படியே. மண்ணீரில் உப்பு ஏறினால் வேர் நீரை உறிஞ்சுவதே சிரமம். உறிஞ்சியபின் சோடியமும் குளோரைடும் இலைக்குப் போய்ச் சேர்ந்தால் நுனி கருகி விளிம்பு காயும். உப்பைத் தாங்கும் வேர் என்பது பெரும்பாலும் அதை வாசலிலேயே தடுக்கும் வேர், அல்லது உள்ளே வந்ததைத் தன் உயிரணுக்களின் அறைகளில் அடைத்து வைத்து மேலே போகவிடாத வேர்.

வேர் ஒரு ஜாதியாகவும் கிளை ஒரு ஜாதியாகவும் ஒரே விருட்சத்தை அமைக்கலாம் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதத்துக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ஒட்டுக் கட்டும் முறையை அதில் கூறியிருக்கிறார். எனினும் பழத்தின் குணத்துக்காக ஒட்டுவது ஒன்று, மண்ணின் தோஷத்துக்காக வேரைத் தேர்வது ஒன்று. இரண்டாவதன் அருமையை உலகம் உணர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்கள் அழியத் தொடங்கிய பிறகுதான். அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்செரா என்ற நுண்ணிய பூச்சி வேரைத் தின்று கொடிகளை மாளச்செய்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டியே அவர்கள் மீண்டார்கள். அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலோரத்து ஏக்-மோர்த் பகுதியில், வெறும் மணலில் இருந்த கொடிகளை அந்தப் பூச்சி தொடவில்லை. தளர்ந்த மணலில் அதனால் நடமாட முடியவில்லை. ஒரு விரோதியை விலக்கிய மணல் மற்றொரு விரோதிக்கு வாசலைத் திறந்துவிடும் என்பதை அறிய, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பீச் மரம் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

பீச் நம் கடற்கரைக்கு வரத்தக்க மரமன்று. குளிர்காலத்துக் குளிர் படாமல் அது பூக்காது. ஆனால் மணலில் வேரைத் தேர்வது எத்தகைய சிக்கல் என்பதை அதைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் மணற்பாங்கான தோட்டங்களில் நட்டு மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள், நன்றாயிருந்த பீச் மரங்கள் வசந்தத்தில் திடீரென்று பட்டுப்போயின. ‘பீச் மரத்தின் அற்பாயுள்’ என்றே அந்த நோய்க்குப் பெயரிட்டார்கள். மணலின் அகன்ற இடைவெளிகளில் நீர்ப்படலத்தைப் பற்றி நீந்தித் திரியும் நூற்புழுக்களுக்கு இதில் பெரும் பங்கு இருந்தது. ஒருவகை நூற்புழு வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும். இன்னொரு வகை, உடலில் வளையங்கள் உடையது, வெளியே இருந்தபடியே வேரை உறிஞ்சும். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட நீமகார்டு என்ற வேர்ச்செடி முடிச்சுப் புழுவை வெகு நன்றாக எதிர்த்தது. ஆனால் வளையப் புழு இருந்த மணலில் அதன்மேல் ஒட்டிய மரங்களே அதிகமாகச் செத்தன. லவல் என்ற பழைய வேர்ச்செடியோ அற்பாயுள் நோயை ஓரளவு தாங்கியது, முடிச்சுப் புழுவுக்கு இரையாயிற்று. ஒரு சத்துருவுக்காகத் தேர்ந்த வேர் மற்றொரு சத்துருவுக்குத் தோட்டத்தைக் காட்டிக்கொடுத்த இந்தத் தர்மசங்கடம், ஜார்ஜியாவின் பைரன் ஆராய்ச்சி நிலையத்தாரும் கிளெம்சன் சர்வகலாசாலையாரும் பல்லாண்டு பொறுமையாகச் சோதித்து, கார்டியன் என்ற வேர்ச்செடியை 1993இல் வெளியிட்ட பிறகே நீங்கலாயிற்று. அவர்கள் அதைத் தேர்ந்த முறைதான் கருதத்தக்கது: மரங்கள் செத்த அதே மணலில் நூற்றுக்கணக்கான நாற்றுகளை நட்டு, சாகாமல் நின்றவற்றைப் பொறுக்கினார்கள்.

இது தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். திண்டுக்கல் ஜில்லாவில், ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்கள் முதலாகத் தமிழ்நாட்டின் கொய்யாவை அண்மைக் காலத்தில் வாட்டிவரும் நோய்க்கு மூலம் வேர்முடிச்சு நூற்புழுவின் ஒரு கொடிய இனமே. இலை வெளிறி உதிர்ந்து மரம் நலிவதைக் கண்டு உரத்தைக் கூட்டியவர்கள், பிறகு மரத்தைப் பிடுங்கிப் பார்க்கையில், மெல்லிய வேர் எங்கும் கழலை கட்டித் தடித்திருப்பதைக் கண்டார்கள். பிரேஸில் நாட்டார் கொய்யாவை அதன் காட்டு உறவினமாகிய ‘அராசா’வோடு கலந்து, அந்தப் புழுவை எதிர்க்கும் வேர்ச்செடி ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். நாமோ, நாற்றோடும் மண்ணோடும் புழுவைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நிறுத்தவே இன்னும் சரியாகக் கற்கவில்லை. மணற்பாங்கான கரையில் கொய்யா வைக்க விரும்புகிறவர், கன்று வாங்குமுன் பையைக் கிழித்து ஒரு கன்றின் வேரையாவது கழுவிப் பார்க்கட்டும்.

இனிச் சப்போட்டாவுக்கு வருவோம். இந்தக் கரைக்கு நெருங்கிய விஷயம் அதுதான். சப்போட்டாவின் பூர்விகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். சுண்ணாம்புப் பாறை மிகுந்த யூகட்டான் தீபகற்பத்தில் அது காடாகவே வளர்கிறது. முற்காலத்தில் சூயிங்கத்தைப் பெரும்பாலும் அதன் பாலிலிருந்துதான் செய்தார்கள். ஆகவே சுண்ணாம்பும் ஓரளவு உப்பும் அதற்குப் புதியவை அல்ல. குறை எங்கே என்றால், விதையிலிருந்து முளைத்த சப்போட்டா தொடக்கத்தில் மிக மந்தமாக வளரும், காய்க்கப் பல ஆண்டு எடுக்கும், அதன் வேரும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும். மேல்மண் வறளும் மணலில் இது ஆகாது. இந்தியத் தோட்டக்கலை நிபுணர் அதன் குடும்பத்து மரங்களையெல்லாம் வேர்ச்செடியாகச் சோதித்தார்கள். இலுப்பையும் மகிழமும் குடும்பம் ஒன்றாயினும் நெருக்கமில்லாத பங்காளிகள். அவற்றின்மேல் ஒட்டிய சப்போட்டா செழிக்கவில்லை. வெற்றி கண்டது பாலை.

பாலை என்ற பெயரில் நம்மிடையே பல மரங்கள் உண்டாகையால், வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு என்று சொல்லிவிடுவது நல்லது. இங்கே நான் குறிப்பது உலக்கைப்பாலை, கணுப்பாலை என்றும் சொல்லப்படுகிற, மஞ்சள் நிறச் சிறு பழம் தரும் மரம். நாற்றங்கால்காரர் பாலா என்பார்கள், குஜராத்திகள் ராயண் என்பார்கள். அதன் வைரம் நீரில் மூழ்குமளவு கனத்தது. சப்போட்டாவும் இதுவும் மனில்காரா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்று மெக்சிகோவில், மற்றொன்று தமிழகத்திலும் ஈழத்திலும் பிறந்து, எத்தனையோ யுகமாகப் பிரிந்திருந்தும், ஒன்றின் பட்டையை மற்றொன்றின் பட்டையோடு பொருத்தினால் உறவு மறவாமல் கூடிக்கொள்கின்றன.

பாலை எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தால் அதன் வேரின் தகுதி விளங்கும். கோடியக்கரையின் மணல்மேடுகளில், உப்புக்காற்று வீசுமிடத்தில், என்றும் பசுமை மாறாத வறள்காட்டின் முதன்மையான மரம் பாலையே. கடலுக்கு அப்பால் மன்னாரிலும் வன்னியிலும் அதுவே காட்டரசு. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் உதடெல்லாம் பிசின்பிசினென்று ஒட்ட அதைத் தின்பார்கள், பெரியவர்கள் காய்ச்சிப் பாலைப்பாணி எடுப்பார்கள், வில்பத்துக் காட்டுக் கரடிகள் மரத்திலேறி விருந்துண்ணும். மாதக்கணக்கில் மழையில்லாமலும் இலையுதிர்க்காமல் நிற்கும் மரத்தின் வேர் வெகு ஆழத்தில் எதையோ கண்டுபிடித்திருக்க வேண்டுமல்லவா? அந்த வேரைத்தான் சப்போட்டாவுக்குக் கடன் கேட்கிறோம்.

ஒட்டுக் கட்டும் வேலையை அருகிலிருந்து பார்ப்பது ஒரு பாடம். பாலை நாற்று மிக மெதுவாக வளரும். பென்சில் கனம் வருவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை பொறுத்த நாற்றங்கால்காரர், தாய்ச் சப்போட்டா மரத்தின் கிளை உயரத்துக்குப் பந்தல்போல் பரண் கட்டி, அதன்மேல் பாலைச் சட்டிகளை வரிசையாக ஏற்றி வைக்கிறார். தாய்மரத்தின் சிறுகிளையிலும் பாலையின் தண்டிலும் இரண்டங்குல நீளம் பட்டையோடு சிறிது மரத்தையும் சேர்த்துச் சீவுகிறார். சீவிய கணமே இரண்டிலும் வெண்பால் கசிகிறது; அதைத் துடைத்து, இரண்டு முகங்களையும் இடைவெளி இல்லாமல் பொருத்திப் பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார். இந்த நெருக்கு ஒட்டில் கிளை தன் தாயின் வேரையும், பாலை தன் இலையையும் இழக்காமலே ஒன்றையொன்று பழகிக்கொள்கின்றன. இளந்தண்டைப் பிளந்து குச்சியைச் செருகும் ஒட்டும் உண்டு. அது விரைவான வழி, ஆனால் பால்வடியும் மரத்தில் கைத்திறன் அதிகம் வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்திசு இரண்டு பக்கத்திலிருந்தும் புது உயிரணுக்களைத் தள்ளி இடைவெளியை நிரப்பி, அவற்றினூடே நீர்க்குழாய்களும் உணவுக் குழாய்களும் இணைந்த பின்னரே, சில மாதம் கழித்து, தாய்க்கிளையைச் சிறிது சிறிதாக அறுத்துப் பிரிக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒட்டுக்கு மேலே ஒவ்வோர் அணுவும் சப்போட்டா, கீழே ஒவ்வோர் அணுவும் பாலை. நீரும் உணவும் சைகைப் பொருள்களும் பரிமாறப்படுகின்றனவே ஒழிய, ஜாதி மாறுவதில்லை.

ஆகையினாலேதான் நட்டபின் சில கவனங்கள் தேவைப்படுகின்றன. ஒட்டுப்பட்ட இடம் தரைக்கு மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். புதைந்தால் சப்போட்டாவே வேர்விட்டுப் பாலையின் பயன் போய்விடும், தனுஷ்கோடி மணலோ ஓரிரு பருவக் காற்றிலேயே தண்டை மூடிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் பாலைத் துளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும். விட்டால் காட்டு மரம் பழமரத்தை அமுக்கிவிடும். இன்னொன்றையும் மறக்கலாகாது: வேர் மண்ணிலுள்ள உப்பைத் தடுக்குமே அன்றி, காற்றில் வந்து இலையில் படியும் உப்பை அது என்செய்யும்? இலை சப்போட்டாவினுடையது. வாடையும் கச்சானும் மாறிமாறி வீசும் கரையில் சவுக்கும் பனையுமாக ஒரு காப்பு வேலி எழுப்பாமல், வேரை மாத்திரம் நம்பி மரம் வைப்பது வீண்.

பாலையைப் பற்றி எனக்குள்ள ஒரே ஆதங்கம் அது இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத மரம் என்பதே. மாமரத்தில் ஒரு வசதி உண்டு. நம் மேற்குக் கரையின் குருக்கன், பப்பக்காய், யாழ்ப்பாணத்து வெள்ளைக்கொழும்பான் போன்றவற்றின் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சாகவே இருக்கும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி இஸ்ரேல் நாட்டார் உவரும் சுண்ணாம்பும் தாங்கும் மாவின் வேர்ச்செடி ஒன்றைப் பொறுக்கி, ‘13-1’ என்ற வெறும் எண்ணால் பெயரிட்டு, நாடெங்கும் ஒரே சீராகப் பரப்பினார்கள். பாலையில் அது கூடவில்லை. ஒவ்வொரு விதையும் தனித்தனி ஜீவன். காட்டிலே பொறுக்கிய விதையை, அது எந்த மண்ணில் நின்ற எந்த மரத்தினது என்று கேளாமல் மூட்டையாக வாங்கி நாற்று விடுகிறோம். உள்நாட்டுச் செம்மண் குன்றில் நின்ற பாலையின் சந்ததியும், அலையோசை கேட்கும் மணல்மேட்டில் நின்ற பாலையின் சந்ததியும் ஒரே படுக்கையில் முளைத்து, ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன. தோட்டத்தில் ஒரு மரம் தழைத்து அடுத்த மரம் குன்றும்போது உரத்தையும் விதியையும் குறைகூறுகிறோம்.

இராமநாதபுரத்திலே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கரையோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரியகுளத்தில் பி.கே.எம். என்ற பெயரில் சப்போட்டா ரகங்களை உருவாக்கிய தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. காட்டு இலாகாவும் துணைசெய்தால், கோடியக்கரை முதலிய கரையோரக் காடுகளில் நன்கு காய்க்கும் முதிர்ந்த பாலை மரங்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியே எடுத்து, எண்ணெய்ச் சத்துள்ள அந்த விதை முளைப்புத்திறன் குன்றுமுன் வைகாசி, ஆனியிலேயே விதைத்து, மண்டபம் பக்கத்துச் சுண்ணாம்பு மணலில் கிணற்று உவர்நீரே பாய்ச்சி வளர்த்துப் பார்க்கலாம். எந்தத் தாயின் பிள்ளைகள் மஞ்சளாகாமலும் நுனி கருகாமலும் நிற்கின்றனவோ அந்தத் தாயின் விதையை மாத்திரம் நாற்றங்கால்களுக்குக் கொடுக்கலாம். பைரன் நிலையத்தார் பீச்சுக்குச் செய்ததும் இதுவே. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் கழியுமுன், கரையோரக் காட்டில் எஞ்சியிருக்கும் தாய்ப் பாலைகளை விறகுக்கும் மனைக்கட்டுக்கும் வெட்டாமல் காப்பாற்றியாக வேண்டும்.